“என் படங்களைச் சாகவிடாதீர்கள்”: ஃபெலிக்ஸ் நுஸ்பௌம் கேட்டுக்கொண்டது நடக்கிறதா?

ஹாசேக்கரை எழுதியது:

நான் ஜெர்மனியில் ஓஸ்னாபுரூக் நகரத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஃபெலிக்ஸ் நுஸ்பௌம் இல்லம் என்ற அருங்காட்சியகத்தை வாரத்தில் இரண்டு மூன்று முறை கடந்து போகிறவன். உள்ளே போனது போன மாதம்தான். அன்றிலிருந்து மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இங்கே வைக்கிறேன்.

முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம். நுஸ்பௌம் 1904-இல் இதே ஊரில் பிறந்த யூத ஓவியர். அப்பா இரும்பு வியாபாரி, முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டவர். 1932-இல் மகனுக்கு ரோம் நகரத்தில் தங்கி ஓவியம் தீட்ட உதவித்தொகை கிடைத்தது. அதே வருடம் பெர்லினில் அவருடைய பட்டறை தீப்பிடித்து, அதுவரை தீட்டியதில் சுமார் 150 படங்கள் போயின. அடுத்த வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அப்புறம் நுஸ்பௌம் ஜெர்மனிக்குத் திரும்பி வாழவே இல்லை. இத்தாலி, பிரான்ஸ், பெல்ஜியம் என்று அலைந்தார். 1940-இல் பெல்ஜியத்தை ஜெர்மன் படை தாக்கியதும், “நீ ஜெர்மானியன்” என்று பெல்ஜியம் அவரைப் பிடித்துத் தெற்கு பிரான்ஸில் இருந்த சான்-சிப்ரியான் முகாமுக்கு அனுப்பியது. அங்கிருந்து தப்பி பிரஸ்ஸல்ஸ் வந்து, மனைவி ஃபெல்கா பிளாடெக்குடன் ஒளிந்து வாழ்ந்தார். எண்ணெய் வண்ணத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தீட்டுவதற்கு மட்டும் வேறு ஒரு வீட்டின் அடித்தள அறைக்குப் போய்வந்தார். படம் வரைவதற்காக ஒருவர் தெருவில் நடந்த ஒவ்வொரு முறையும் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1943-இல் தீட்டிய தன்னுருவப்படம் ஒன்று இருக்கிறது. கோட்டின் கழுத்துப்பட்டையைத் தூக்கி, அதில் மஞ்சள் நட்சத்திரம் தெரிய, கையில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அட்டையில் “யூதர்” என்று பிரெஞ்சிலும் டச்சிலும் சிவப்பு முத்திரை. பின்னால் உயரமான சுவர். அந்தப் படத்துக்கு முன்னால் எங்கே போய் நின்றாலும், அட்டையைக் கேட்ட காவலர் நின்ற இடத்தில்தான் நாம் நிற்கிறோம். நான் இரண்டு முறை இடம் மாறி நின்று பார்த்தேன்.

கடைசிப் பெரிய ஓவியம் 1944 ஏப்ரல் 18 தேதியிட்டது. இடிபாடுகளுக்கு நடுவே எலும்புக்கூடுகள் வாத்தியம் வாசிக்கின்றன. கீழே உடைந்த சிலைகள், கிழிந்த இசைத்தாள், கருவிகள். மனிதர்கள் உருவாக்கிய எல்லாம் குப்பையாகக் கிடக்கிறது. இரண்டு மாதம் கழித்து, ஜூனில், பதுங்கியிருந்த மாடியில் இருவரையும் பிடித்தார்கள். ஜூலை 31 அன்று பெல்ஜியத்தின் மெகெலன் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் புறப்பட்ட ரயிலில் ஏற்றினார்கள். அந்த முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் போன கடைசி ரயில் அது. செப்டம்பர் 3-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் விடுதலையானது. ஐந்து வாரத்துக்கும் குறைவு.

படங்களை நண்பர்களிடம் ஒப்படைத்தபோது, “நான் அழிந்துபோனாலும் என் படங்களைச் சாகவிடாதீர்கள், மக்களுக்குக் காட்டுங்கள்” என்று சொன்னதாக நமக்குக் கிடைத்திருக்கிறது. என் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. படத்தைப் பாதுகாப்பது ஒரு வேலை, அதைக் காட்டிக்கொண்டே இருப்பது இன்னொரு வேலை. அவர் இரண்டையும் கேட்டார். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியுமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


மரப்பாச்சி எழுதியது:

பட்டறையில் 150 எரிந்தது, மிச்சமிருந்தவை வேறு நாட்டில் ஒளித்துவைக்கப்பட்டவை என்றால், இப்போது ஓஸ்னாபுரூக்கில் எப்படி இத்தனை? யார் கொண்டுவந்தார்கள்? ஓவியர் குடும்பத்தில் யாராவது பிழைத்தார்களா?


ஹாசேக்கரை எழுதியது:

மரப்பாச்சி, பெற்றோர் இருவரும் 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். அண்ணன் யுஸ்டுஸும் அந்த வருடமே முகாமில் இறந்தார். வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. உரிமை கேட்டுப் போனவர்கள் பெரியப்பா, சித்தப்பா வழி உறவினர்கள். படங்கள் பிரஸ்ஸல்ஸில் போர் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் கிடந்தன. நல்ல முறையில் வைக்கப்படவும் இல்லை. வழக்கு வரை போய்த்தான் உறவினர்களால் மீட்க முடிந்தது. 1970-ஐ ஒட்டி ஒரு பெரிய தொகுதி இங்கே வந்து சேர்ந்தது, 1971-இல் கண்காட்சி. அதற்குப் பிறகு சிறிது சிறிதாகத் தேடி, வாங்கி, இப்போது 200-க்கு மேல் இருக்கின்றன. 1998-இல் டானியேல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த இல்லம் திறக்கப்பட்டது. அவருடைய வடிவமைப்பில் முதலில் கட்டிமுடிந்த கட்டடம் இதுதான். ‘வெளியேறும் வழியில்லாத அருங்காட்சியகம்’ என்று அவரே அதற்குப் பெயர் வைத்தார். உள்ளே ஒரு நீண்ட, குறுகலான, சன்னலே இல்லாத கான்கிரீட் நடை வருகிறது. படத்தை விட்டுத் தள்ளி நின்று பார்க்க அங்கே இடம் கிடையாது. ஒளிந்திருந்தவர் தீட்டியதை நாமும் அந்த நெருக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. 1945-க்கும் 1970-க்கும் நடுவில் இந்த ஊரில் அவரைப் பெரிதாக யாரும் தேடவில்லை.


தாள்வைத்தியர் எழுதியது:

நான் சுவடிகளும் பழைய தாள்களும் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். ஹாசேக்கரை கேட்டது எங்கள் தொழிலின் அன்றாடத் தலைவலி. காட்டினால் கெடும், பூட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எண்ணெய் ஓவியம் ஓரளவு தாங்கும். தாளில் தீட்டிய நீர்வண்ணமும் மையும் அப்படி இல்லை. ஒளி செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகுமே தவிரக் குறையாது. இருட்டறையில் ஓய்வு கொடுத்தால் மேற்கொண்டு கெடாமல் இருக்கும், போன நிறம் திரும்பி வராது. அதனால்தான் தாள் படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும் மங்கல் அது. சில மாதம் சுவரில், அப்புறம் பல வருடம் பெட்டியில். “இவ்வளவு தூரம் வந்தும் அசலைப் பார்க்க முடியவில்லையே” என்று ஆதங்கப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பேரப்பிள்ளை பார்ப்பதற்காகத்தான் அதை எடுத்துவைக்கிறோம்.

இந்த இழைக்குப் பொருத்தமான இன்னொரு பெயர் கெலா செக்ஸ்டைன். போலந்தின் வார்சா கெட்டோவில், அதாவது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில் இருந்த ஓவியர். குழந்தைகளின் முகங்களை நிறைய வரைந்தவர். அவருடைய கணவர் இஸ்ராயேல் லிச்டென்ஸ்டைன், வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கெல்புளும் ரகசியமாக நடத்திய ‘ஓனெக் ஷபாத்’ ஆவணக் குழுவில் இருந்தார். 1942 ஆகஸ்ட் தொடக்கம், வார்சாவிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானவர்களை ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்த நாட்கள். லிச்டென்ஸ்டைனும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்து ஆவணங்களைப் பத்து உலோகப் பெட்டிகளில் அடைத்து, நோவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு அடியில் புதைத்தார்கள். கெலாவின் படங்களும் அதற்குள் போயின. கூடவே கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக எழுதிய உயில். தங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மகள் மார்கலித்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள். குழந்தைக்கு அப்போது 20 மாதம்.

1946 செப்டம்பரில் அந்தப் பெட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். தகரப் பெட்டி தண்ணீரைத் தடுக்கவில்லை. உள்ளே ஈரம், பூஞ்சை, ஒட்டிப்போன தாள்கள். 1950 டிசம்பரில் கிடைத்த அடுத்த தொகுதி பால் கேன்களில் இருந்தது, அது எவ்வளவோ நல்ல நிலையில் இருந்தது. பால் கேனுக்கு இறுக்கமான மூடி, அவ்வளவுதான் வித்தியாசம். என் தொழிலில் இருபது வருடம் படித்த எல்லாவற்றையும்விட இந்த ஒன்று என்னை அதிகம் பாதித்தது. கையில் கிடைத்த பாத்திரம் எது என்பதை வைத்து, ஒருவருடைய வாழ்க்கை படிக்கும்படி இருக்குமா இருக்காதா என்று முடிவானது. இப்போது எல்லாம் வார்சாவில் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. 1999-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்தன.


மரப்பாச்சி எழுதியது:

தாள்வைத்தியர் ஐயா, அந்த ஈரக் கறையை இப்போது எடுத்துவிட முடியுமா? முடியும் என்றால் எடுப்பீர்களா?


தாள்வைத்தியர் எழுதியது:

ஓரளவு முடியும். நான் எடுக்க மாட்டேன்.

பூஞ்சையைக் கொல்ல வேண்டும், அதில் பேச்சே இல்லை. கிழிசல் மேலும் கிழியாமல் ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் வைத்து ஒட்ட வேண்டும், நாளைக்கு வேறொருவர் பிரித்து எடுக்கும்படி. அமிலம் ஏறிய தாளாக இருந்தால் அதைக் குறைக்க வேண்டும். அதற்கு மேல் அழகுபடுத்தக் கூடாது. அந்தக் கறை 1942-க்கும் 1946-க்கும் நடுவே மண்ணுக்குள் நடந்ததன் தடயம். அதைக் கழுவினால், ஓவியர் தன் மேசையிலிருந்து நேராக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த படம் போல ஆகிவிடும். அது பொய்.

செக் நாட்டில் இருந்த தெரேசின் கெட்டோவின் ஓவியர்களின் கதையும் இதுதான். பெட்ரிச் ஃப்ரிட்டா அந்த கெட்டோவின் வரைபட அலுவலகத்துக்குத் தலைமை. பகலில் நாஜிகள் கேட்ட அழகான திட்டப்படங்கள். இரவில் அதே மை, அதே தாளில் உண்மையாக நடந்துகொண்டிருந்தவை: சவவண்டிகள், கிழவர்கள் நெரிசலாகக் கிடக்கும் மாடங்கள், செஞ்சிலுவைச் சங்கத்தை ஏமாற்றப் போட்ட போலிக் கடைகள். 1944 ஜூலை 17 அன்று ஃப்ரிட்டா, லியோ ஹாஸ், ஓட்டோ உங்கார், ஃபெர்டினாண்ட் புளோக் ஆகியோரைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே படங்களை ஒளித்துவிட்டார்கள். ஃப்ரிட்டாவின் படங்கள் தகரப் பெட்டியில் மண்ணுக்குள், ஹாஸின் படங்கள் சுவருக்குள். ஃப்ரிட்டா ஆஷ்விட்ஸில் இறந்தார். ஹாஸ் பிழைத்துத் திரும்பி வந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். நண்பனின் படங்களை மட்டும் எடுக்கவில்லை, நண்பனின் மகனையும் தத்தெடுத்து வளர்த்தார். அந்தப் பையன் டோமிக்கு மூன்றாவது பிறந்தநாள் பரிசாக 1944 ஜனவரியில் ஃப்ரிட்டா வரைந்த சித்திரப் புத்தகமும் தப்பிவிட்டது. கேக், பொம்மை, வெளியூர்ப் பயணம் என்று மகன் பார்த்தே இராத உலகத்தை அப்பா வரைந்து கொடுத்திருக்கிறார். மகன் பெரியவனான பிறகு ஃப்ரிட்டாவின் படங்கள் பெர்லின் யூத அருங்காட்சியகத்துக்கு நீண்டகால இரவலாகப் போய், 2013-இல் அங்கே பெரிய கண்காட்சி நடந்தது.


பனிமலர் எழுதியது:

ஆம்ஸ்டர்டாமில் படித்த இரண்டு வருடமும் எனக்குப் பக்கத்துணையாக இருந்தவை ஷார்லொட் சலொமோனின் படங்கள். அவரைச் சொல்லாமல் இந்த இழை போகக் கூடாது.

பெர்லினைச் சேர்ந்த யூத ஓவியர். 1938-க்குப் பிறகு தெற்கு பிரான்ஸில் தாத்தா பாட்டியிடம் வந்து சேர்ந்தார். பாட்டி தற்கொலை செய்துகொண்டபோதுதான், தன் அம்மாவும் அப்படித்தான் இறந்தார் என்பதே அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு 1940 முதல் 1942 வரை உட்கார்ந்து தன் குடும்பத்தின் கதை முழுவதையும் படமாகத் தீட்டினார். ஆயிரத்துக்கு மேல் தீட்டி, அதில் 769-ஐத் தேர்ந்து வரிசைப்படுத்தினார். நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றே நிறம். பல படங்களின் மேல் ஒளி ஊடுருவும் தாள் ஒன்று விரித்து, அதில் உரையாடலை எழுதினார். எந்தப் பாட்டு எங்கே ஒலிக்க வேண்டும் என்றுகூடக் குறிப்பு உண்டு. முடித்ததும் கட்டாகக் கட்டி ஊர் மருத்துவர் மொரிடிஸிடம் கொடுத்து, இதுதான் என் முழு வாழ்க்கை என்றார். 1943 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். 26 வயது, கர்ப்பிணி.

ஹாலந்தில் ஒளிந்து பிழைத்த அப்பாவும் சின்னம்மாவும் போருக்குப் பின் வந்து அந்தக் கட்டைப் பெற்றார்கள். அவள் எதைத் தீட்டினாள் என்பதை அவர்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். 1971-இல் ஆம்ஸ்டர்டாம் யூத வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 769-ஐயும் ஒரே நேரத்தில் மாட்டுவது அபூர்வம். சிறு பகுதிகளாக மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் இணையத்தில் வரிசையாகப் பார்க்கலாம், மேல்தாளுடனும் இல்லாமலும். நான் முழுவதும் பார்த்து முடிக்க மூன்று ராத்திரி ஆனது.


கோட்டைமேடு எழுதியது:

எல்லோரும் பாதுகாத்தவர்களைப் பாராட்டிக்கொண்டே போகிறீர்கள். சரி. பாதுகாப்பு என்ற பெயரில் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றியும் பேசுவோம்.

புரூனோ ஷுல்ஸ், எழுத்தாளர், ஓவியர். இன்று உக்ரைனில் இருக்கும் துரோஹோபிச் ஊர்க்காரர். அந்த ஊரில் இருந்த கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) அதிகாரி ஃபெலிக்ஸ் லாண்டாவ், தன் பிள்ளையின் அறைச் சுவரில் தேவதைக் கதைப் படங்கள் தீட்டச் சொன்னான். தீட்டினார். உயிர் பிழைக்கச் செய்த வேலை. 1942 நவம்பர் 19 அன்று இன்னொரு கெஸ்டபோக்காரன் அவரைத் தெருவில் சுட்டுக் கொன்றான். அந்தச் சுவர் வெள்ளைப்பூச்சுக்கு அடியில் மறைந்துபோய், ஒரு குடித்தனத்தின் சாமான் அறைச் சுவராக இருந்தது. 2001 பிப்ரவரியில் ஒரு ஜெர்மன் ஆவணப்படக்காரர் தேடிக் கண்டுபிடித்தார். மே மாதம் ஜெருசலேமின் யாட் வஷேம் (யூத இனக்கொலை நினைவகம்) ஆட்கள் வந்து சில பகுதிகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போலந்திலும் உக்ரைனிலும் பெரிய கொந்தளிப்பு. 2008-இல்தான் உடன்பாடு வந்தது: உடைமை உக்ரைனுடையது, படங்கள் நீண்டகால இரவலாக யாட் வஷேமில் இருக்கும்.

என்னைக் கேட்டால் அது சுவரிலேயே இருந்திருக்க வேண்டும். கொலைகாரன் லாண்டாவின் வீடு, அவன் பிள்ளை தூங்கிய அறை, இவர் நின்று தீட்டிய இடம். இந்த மூன்றையும் பிரித்த பிறகு மிஞ்சுவது வண்ணம் ஒட்டிய காரைத் துண்டு.


பனிமலர் எழுதியது:

கோட்டைமேடு அண்ணா, அந்தச் சாமான் அறையில் ஈரமும் பூஞ்சையும் இன்னும் முப்பது வருடம் விட்டுவைத்திருக்குமா? அந்த ஊரின் யூதர்களில் மிகப் பெரும்பாலானவர்களைக் கொன்றுவிட்டார்கள். அங்கே ஷுல்ஸுக்காக யார் அழுவார்கள் என்று யாட் வஷேம் கேட்டால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கேட்காமல் எடுத்தது தவறு, அதில் உங்களோடு நிற்கிறேன்.

இதைவிட எனக்கு வலிப்பது டீனா பாபிட் வழக்கு. செக் நாட்டு யூதக் கலை மாணவி. ஆஷ்விட்ஸில் நாஜி மருத்துவன் மெங்கெலே அவரை வைத்து ரோமா (ஜிப்சி என்று அழைக்கப்பட்ட இனம்) கைதிகளின் முகங்களை நீர்வண்ணத்தில் தீட்டச் செய்தான், புகைப்படத்தில் தோல் நிறம் சரியாக வரவில்லை என்று. அந்த வேலைதான் அவரையும் அவர் அம்மாவையும் உயிரோடு வைத்தது. அவற்றில் ஏழு படங்கள் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 1973-இல் அருங்காட்சியகம் அவரைக் கண்டுபிடித்துச் சொன்னது. நேரில் போனார். தன் படங்களைக் கேட்டார். தரவில்லை. இவை இனக்கொலையின் சான்றுகள், இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். 2009-இல் இறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். தன் கையால் தீட்டியதை ஒருவர் உயிரோடு வந்து கேட்கும்போது மறுப்பது பாதுகாப்பா?


கோட்டைமேடு எழுதியது:

பாபிட் விஷயத்தில் ரொம்ப நேரம் யோசித்தேன். அவரிடம் ஒன்றிரண்டையாவது கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்தப் படங்களில் இருப்பவை ரோமா முகங்கள். ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவில் ரோமா முகாமை 1944 ஆகஸ்ட் 2 இரவில் காலி செய்து மிச்சமிருந்த ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள். அதில் பலருக்கு ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. தீட்டியவருக்கு உரிமை உண்டு. தீட்டப்பட்டவர்களுக்கு? அவர்கள் சார்பில் கேட்க யார் வந்தார்கள்? இதற்கு என்னிடம் முடிவில்லை.

ஷுல்ஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. சுவரை அங்கேயே வைத்துக் காப்பாற்ற நிபுணர்கள் இருந்தார்கள்.


தாள்வைத்தியர் எழுதியது:

சுவரோவியத்தைப் பெயர்ப்பது எங்கள் துறையில் கடைசி வழி. வெட்டும் கோட்டில் உள்ளது போய்விடும், அது திரும்பாது. அந்த அளவில் கோட்டைமேடு சொல்வது சரி.

பனிமலர் சொன்ன இணையப் பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை. சலொமோனின் மேல்தாளை அசலில் திருப்பத் திருப்பக் கிழியும். பிரதியில் ஆயிரம் பேர் திருப்பலாம். ஹாசேக்கரையின் முதல் கேள்விக்கு என்னால் தர முடிந்த பதில் இதுதான்: அசலுக்கு இருட்டு, பிரதிக்கு வெளிச்சம். ஆனால் கோப்பும் பழுதாகும். வன்வட்டு போகும், கோப்பு வடிவம் வழக்கொழியும். பத்து வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது உட்கார்ந்து புதியதற்கு மாற்ற வேண்டும். பால் கேனை மூடிய கை மாதிரி இதற்கும் ஒரு கை வேண்டும்.


ஹாசேக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக ஒவ்வொரு பதிவையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. முதல் பதிவில் ஃபெல்கா பிளாடெக்கை ‘மனைவி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவரும் ஓவியர். 1899-இல் வார்சாவில் பிறந்தவர், பெர்லினில் லுட்விக் மைட்னரிடம் படித்தவர். அதே மாடியில் ஒளிந்து, அதே ரயிலில் போய், ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். கணவர் சொன்ன ஒரு வாக்கியம் நமக்குக் கிடைத்து, அதைப் பிடித்துக்கொண்டு 200-க்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்துவிட்டார்கள். தன் படங்களை என்ன செய்யச் சொல்லி ஃபெல்கா யாரிடம் சொன்னார்? அப்படி ஒரு வாக்கியம் எங்கும் என் கண்ணில் படவில்லை. அவருடையதாக மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். முகங்கள், பூக்கள், மேசைப் பொருட்கள். அவையும் இதே இல்லத்தின் தொகுப்பில் இருக்கின்றன. நான் அவற்றைத் தேடவே இல்லை, கணவரின் படங்களைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை திரும்பப் போகிறேன். இந்த முறை ஃபெல்காவுக்காக. என்ன மாட்டியிருக்கிறது, எது பெட்டியில் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.


மரப்பாச்சி எழுதியது:

ஒவ்வொரு படத்துக்கும் வருடத்தையும் குறித்து வாருங்கள். 1942-க்குப் பிறகு அவர் தீட்டியது ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.